மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வெடிப்பு: தூத்துக்குடி கரிசல் மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது?

தூத்துக்குடி என்றதும் துறைமுகம், உப்பளம், முத்துக்குளிப்பு, மீன்பிடி என்று கடல்தான் கண்ணுக்கு முன்னால் வரும். ஆனால் இந்த மாவட்டத்தின் வடக்குப் பாதிக்கும் கடலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், புதூர் வட்டாரங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்பு நிலம். வற்றாத ஆறு கிடையாது, பெரிய அணை கிடையாது. வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசி, சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், மல்லி எல்லாமே மானாவாரிதான்.

ஒவ்வொரு ஆண்டும் புரட்டாசி, ஐப்பசியில் இந்தப் பகுதியிலிருந்து வரும் செய்திகள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். ஒரு வாரம் "மழை இல்லாமல் முளைத்த பயிர் கருகுது" என்று செய்தி. இரண்டே வாரத்தில் "வயலில் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகுது" என்று செய்தி. ஒரே ஊர், ஒரே நிலம். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் பத்து நாள் இடைவெளிகூட இருக்காது.

இது எப்படி நடக்கிறது? மழை மட்டும்தான் காரணமா? இல்லை. பாதிக் காரணம் மேகத்தில் இருக்கிறது. மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. அந்த மண்ணின் குணத்தைப் புரிந்துகொண்டால்தான், நிவாரணத் தொகை ஏன் போதவில்லை என்ற புகாரும், காப்பீட்டுப் பணம் ஏன் பக்கத்து ஊருக்கு வந்து நமக்கு வரவில்லை என்ற கோபமும், மழைக்காலத்தில் ஆட்டு மந்தைகள் ஏன் ஊரைக் காலி செய்கின்றன என்ற கேள்வியும் புரியும்.

களிமண் எல்லாம் ஒன்றா?

மண்ணில் இருக்கும் துகள்களை அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். பெரியது மணல், நடுத்தரம் வண்டல், மிகச் சிறியது களி. கரிசல் மண்ணில் பொதுவாக 40 முதல் 60 சதவீதம் வரை களித்துகள்தான். அதனால் இது கனமான களிமண் வகையில் சேரும்.

ஆனால் களி அதிகம் என்றால் மட்டும் நிலம் வெடித்துவிடாது. இதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நீலகிரிப் புல்வெளிகளிலும் மண்ணில் களி நிறையவே உண்டு. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. அங்கே கோடையில் பாளம் பாளமாக வெடிப்பு விழுவதில்லை. கோவில்பட்டியில் விழுகிறது. ஏன்?

களியின் ரகம் வேறு. நீலகிரியில் கொட்டும் மழை பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையிலிருந்து சுண்ணாம்பு, மக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது கயோலினைட், கிப்சைட் போன்ற கனிமங்கள். இவற்றின் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்தவை. உள்ளே தண்ணீர் நுழைய இடம் கிடையாது. அதனால் ஈரமானாலும் உப்பாது, காய்ந்தாலும் பெரிதாகச் சுருங்காது.

கரிசல் பூமியில் நடந்தது வேறு. இங்கே ஆண்டு மழை சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவில்தான். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில், இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கரைத்துக் கொண்டுபோகும் அளவுக்குத் தண்ணீர் இல்லாததால் சுண்ணாம்பும் சிலிக்காவும் மண்ணிலேயே தங்கின. அவை தங்கிய இடத்தில் உருவாவது ஸ்மெக்டைட் என்ற களி வகை. மான்ட்மோரில்லோனைட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கரிசல் காட்டில் உழும்போது கையில் தட்டுப்படும் வெள்ளைச் சுக்கான் கற்கள், மண்ணில் சுண்ணாம்பு தங்கியதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

தண்ணீரைக் குடித்து உப்பும் மண்

ஸ்மெக்டைட்டை ஒரு சீட்டுக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சீட்டின் தடிமனும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் பிடிமானம் குறைவு. மழை பெய்தால் அந்த இடுக்குகளில் தண்ணீர் புகுந்து சீட்டுகளைத் தள்ளும். கட்டு உப்பும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் சீட்டுகள் மறுபடி நெருங்கும். கட்டு சுருங்கும்.

ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட் களியின் அடுக்குகளை எல்லாம் விரித்துப் போட்டால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரை பரப்பு வரும். கயோலினைட்டில் அது 10 முதல் 30 சதுர மீட்டர்தான். அவ்வளவு பெரிய பரப்பில் தண்ணீர் ஒட்டிக்கொள்வதால்தான் மழைக்காலத்தில் கரிசல் காட்டுக்குள் நடந்தால் செருப்பு கிலோக் கணக்கில் கனக்கிறது. டிராக்டர் சக்கரம் சுழல்கிறதே தவிர நகர மாட்டேன் என்கிறது.

கோடையில் நேர் எதிர். சுருங்கும் மண்ணில் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு வெடிப்பு விழும். ஆழம் ஒரு மீட்டர் வரைகூடப் போகும். மேலே இருக்கும் பொடிமண் அந்த வெடிப்புக்குள் கொட்டும். அடுத்த மழையில் மண் உப்பும்போது, உள்ளே விழுந்த அந்தக் கூடுதல் மண்ணுக்கும் இடம் வேண்டுமே! அதனால் அடிமண் மேலே நெட்டித் தள்ளப்படுகிறது. இப்படி மேல்மண் கீழேயும் கீழ்மண் மேலேயும் போய் வருவதால், இதைத் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்பார்கள். உலக மண் வகைப்பாட்டில் இதற்கு வெர்டிசால் என்று பெயர். புரட்டுதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஆஸ்திரேலியா, இந்தியா, சூடான் ஆகிய நாடுகளில் இந்த மண் அதிகம்.

கறுப்பாக இருப்பதால் மக்கு நிறைய இருக்கும், உரமே வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. கொஞ்சமாக இருக்கும் மக்கு களியோடு இறுகக் கலந்திருப்பதும் நிறத்துக்கு ஒரு காரணம். வெயில் காய்ச்சும் இந்த நிலத்தில் மக்கு வேகமாகச் சிதைந்துவிடும். நீலகிரியில் குளிர் காரணமாக இலையும் புல்லும் மெதுவாக மக்குவதால் அங்கே மண்ணில் கரிமச்சத்து சேர்கிறது. கரிசல் மண்ணில் அந்தச் சேமிப்பு கிடையாது.

53 சென்டிமீட்டர் மழை எங்கே போகும்?

வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வருவதற்கான விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல் மழை பெய்தால் தண்ணீர் வெடிப்பு வழியே மடமடவென்று உள்ளே இறங்கும். இது நல்ல விஷயம். ஒரு மீட்டர் ஆழமுள்ள கரிசல் மண், பயிருக்குப் பயன்படும் ஈரமாக 150 முதல் 200 மில்லிமீட்டர் மழையைப் பிடித்து வைக்கும். மழை நின்ற பிறகும் பனியையும் அடிமண் ஈரத்தையும் வைத்தே பருத்தியும் மல்லியும் தை, மாசி வரை தாக்குப்பிடிப்பது இதனால்தான். செவல் நிலத்தில் இது நடக்காது.

சிக்கல் அடுத்த கட்டத்தில். மண் உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன் பிறகு தண்ணீர் இறங்கும் வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அதாவது நாள் முழுக்க நின்றாலும் 24 மில்லிமீட்டர்கூட உள்ளே போகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. கரிசல் பகுதியான கோவில்பட்டியிலும் 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. 500 மில்லிமீட்டருக்கு மேல் வந்த தண்ணீரில், ஏற்கெனவே நனைந்திருந்த மண் எவ்வளவு குடித்திருக்க முடியும்? மீதி முழுவதும் நிலத்தின் மேலேயே ஓடியது. ஓட வழி இல்லாத இடத்தில் நின்றது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் ஆற்று வெள்ளத்தில் மூழ்கின. கரிசல் காட்டில் பயிர் மூழ்கியதற்கு ஆறு தேவைப்படவில்லை. மண்ணே போதுமானதாக இருந்தது.

தண்ணீர் நின்றால் மண்ணில் காற்று இல்லை. உளுந்து, பாசி போன்ற பயிர்களின் வேர் மூச்சுவிட முடியாமல் இரண்டு மூன்று நாளில் அழுகத் தொடங்கும். வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்கலாம் என்றாலும் சேற்றில் கால் வைக்க முடியாது. உரம் போட, மருந்து அடிக்க, களை எடுக்க என்று எதற்கும் உள்ளே இறங்க முடியாத நாட்கள் அவை.

புழுதியில் போடும் பந்தயம்

ஈரமானால் உழ முடியாது, காய்ந்தால் பாறை. இரண்டுக்கும் நடுவில் உழவுக்கு ஏற்ற பதம் சில நாட்கள்தான் நிற்கும். முதல் மழைக்குக் காத்திருந்து விதைக்கலாம் என்று உட்கார்ந்தால், அந்த மழை நாலு நாள் நீடித்துவிட்டால் காட்டுக்குள் இறங்கவே முடியாது. பருவம் போய்விடும்.

அதனால்தான் கரிசல் விவசாயி மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதைக்கிறார். நூறாண்டைக் கடந்த கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இந்த முன்பருவ விதைப்பைப் பரிந்துரைக்கிறது. விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும் என்பது இதில் முக்கியம். லேசான தூறலுக்கு அந்த ஆழம் நனையாது. நல்ல மழை பெய்தால் மட்டுமே முளைக்கும். சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஆறு மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கும் கடினப்படுத்தும் முறையும், முளைத்த பயிர் சில நாள் வறட்சியைத் தாங்குவதற்காகச் சொல்லப்படுவதுதான்.

ஆனாலும் இது பந்தயம்தான். ஒரு நல்ல மழை பெய்து முளைத்த பிறகு இருபது நாள் மழை இல்லை என்றால் முளைத்தது எல்லாம் போச்சு. கரிசல் மண்ணில் ஈரம் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. களி தண்ணீரை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். செவலில் உள்ள ஈரத்தை வேர் சுலபமாக உறிஞ்சும்போது, அதே அளவு ஈரமுள்ள கரிசலில் செடி வாடி நிற்கும். பயிர் போனால் மறுபடி உழுது, மறுபடி விதை வாங்கி, மறுபடி விதைக்க வேண்டும். ஒரே பருவத்தில் இரண்டு முறை விதைப்பது இங்கே அபூர்வம் இல்லை.

நிவாரணத்தில் மானாவாரிக்கு ஏன் பாதி?

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணத்தில், 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிர்களுக்கு 7,410 ரூபாயாக இருந்ததை உயர்த்தி 8,500 ரூபாய். பல்லாண்டுப் பயிர்கள், மரங்களுக்கு 22,500 ரூபாய். பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் விதிமுறையிலும் பாசன நிலத்துக்கும் மானாவாரிக்கும் இடையே இதே பாதிக்குப் பாதி வித்தியாசம்தான். ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேர் வரை என்ற வரம்பும் அதில் உண்டு.

ஏக்கர் கணக்கில் சொன்னால் மானாவாரிக்குக் கிடைப்பது சுமார் 3,440 ரூபாய்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. இது இழந்த வருமானத்துக்கான ஈடு இல்லை. அடுத்த சாகுபடிக்கான இடுபொருள் உதவி மட்டுமே. மானாவாரியில் பாசனச் செலவு கிடையாது, உரமும் குறைவு, ஆகவே உதவியும் குறைவு என்பது அந்தக் கணக்கு.

கரிசல் மண்ணில் அந்தக் கணக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, மறுவிதைப்பு. வெள்ளம் வருவதற்கு முன்பே ஒருமுறை வறட்சியில் விதை போயிருக்கும். அந்த இரட்டைச் செலவு எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை. இரண்டு, பாசன நிலத்தில் ஒரு பருவம் போனால் அடுத்த பருவம் உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் கார் போனால் பிசானம் இருக்கிறது. விளாத்திகுளம் காட்டில் ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. டிசம்பரில் அது அழுகினால் அடுத்த விதைப்பு அடுத்த செப்டம்பரில்தான். நிவாரணம் பாதி, ஆனால் காத்திருப்பு முழு வருடம்.

காப்பீடு: ஊருக்குக் கணக்கு, காட்டுக்கு இல்லை

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் விவசாயி கட்டும் பங்கு 1.5 சதவீதம். பருத்தி, மிளகாய் போன்ற வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன.

இழப்பை முடிவு செய்வது ஒவ்வொருவரின் காட்டையும் பார்த்து அல்ல. கிராமம் அல்லது பிர்கா என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் சில இடங்களில் பயிர் அறுவடைச் சோதனை நடத்துவார்கள். அதில் வரும் சராசரி மகசூல், முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால்தான் அந்தப் பகுதிக்கே இழப்பீடு.

கரிசல் பிர்காவில் மண் ஒரே சீராக இருக்காது. மேட்டில் செவல், சரிவில் கலப்பு மண், பள்ளத்தில் ஆழமான கரிசல் என்று மாறி மாறி வரும். மழை அதிகமான ஆண்டில் மேட்டுச் செவல் தப்பிக்கும், பள்ளத்துக் கரிசல் அழுகும். மழை குறைந்த ஆண்டில் செவல் முதலில் காயும், ஆழக் கரிசல் கொஞ்சம் தாங்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டு ஆண்டிலும் இழப்பு பாதியாகத் தெரியும். பாதிக்கப்பட்டவர் காட்டில் மட்டும் அது முழு இழப்பு.

இதற்கு விதிமுறையிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயலில் தண்ணீர் தேங்குதல் போன்ற உள்ளூர்ப் பேரிடரில் தனிப்பட்ட வயலையே ஆய்வு செய்ய முடியும். ஆனால் பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ரோடு துண்டிக்கப்பட்டு, மின்சாரம் இல்லாமல், செல்போன் டவர் வேலை செய்யாத மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். மழை எச்சரிக்கை வந்ததுமே காப்பீட்டு ரசீது, பட்டா, அடங்கல் நகல்களைத் தயாராக வைத்துக்கொள்வதும், சேதம் தெரிந்ததும் முதல் வேலையாகப் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்வதும் இதனால்தான் முக்கியம்.

மழைக்காலத்தில் மந்தைகள் எங்கே?

கரிசலின் இன்னொரு முகம் மேய்ச்சல். விளாத்திகுளம் வட்டாரத்தின் வேம்பூர் பெயரிலேயே ஒரு செம்மறி ஆட்டு இனம் இருக்கிறது. வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட வேம்பூர் ஆடு. கீழக்கரிசல் ஆட்டுக்குப் பெயரே மண்ணிலிருந்து வந்தது. இரண்டும் தேசிய அளவில் பதிவு பெற்ற நாட்டு இனங்கள்.

அறுவடை முடிந்த காட்டில் தாளும் களையும் மேய்வது, இரவில் அங்கேயே கிடை போடுவது, புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாவது என்ற ஏற்பாடு இங்கே பழையது. மக்கு குறைந்த கரிசலுக்கு இது வெறும் உரம் அல்ல. மக்கு சேர்ந்த களி சின்னச் சின்னக் குருணையாக நிற்கும். மழையில் அது சீக்கிரம் குழையாது. தண்ணீர் இறங்கும் வழி கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்திருக்கும்.

ஆனால் மழை வந்துவிட்டால் மந்தை கரிசலில் நிற்கக் கூடாது. ஈரக் களிமண்ணில் நூறு ஆடுகள் நடந்தால் ஒவ்வொரு குளம்பும் மண்ணின் துளைகளை அடைத்து இறுக்கும். காய்ந்ததும் அது சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும். ஆட்டுக்கும் கேடு. சேற்றில் நின்றால் குளம்பழுகல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குருணிப் பூச்சிகள் பரப்பும் நீலநாக்கு நோய் வேறு. கீதாரிகள் மழைக்கு முன்னால் மந்தையைச் செவல் மேட்டுக்கும் மணற்பாங்கான இடங்களுக்கும் ஓட்டிப்போவதில் இந்த மண்ணறிவு இருக்கிறது.

குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களிலும் இதே பாடம்தான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், உயரமான பீடபூமிகளில் களிப்பாங்கான மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அங்கே மழைக்குப் பதில் பனி. வசந்தத்தில் பனி உருகும்போது களிமண் ஊறித் தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் மாடுகளை இறக்கினால் புல்லின் வேர்ப்பகுதி நசுங்கிவிடும் என்பதால், நிலம் உலரும் வரை மந்தையை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் ஈரக் களிமண், இளம் நாற்றுகளை வேரோடு மேலே தூக்கிவிடுவதும் அங்கே நடக்கும். கரிசலில் வெயில் செய்யும் வேலையை அங்கே உறைபனி செய்கிறது. குளிர் வெர்டிசால்களுக்கென்று மண் வகைப்பாட்டில் கிரையர்ட் என்று தனிப் பிரிவே இருக்கிறது.

வித்தியாசம் ஒன்றுதான். அங்கே மந்தையை நிறுத்தி வைக்கப் பெரிய பண்ணை நிலங்கள் இருக்கின்றன. தூத்துக்குடியில் மாற்று மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கண்மாய் உள்வாய், புறம்போக்கு, தரிசு எங்கும் சீமைக்கருவேலம். அதன் நெற்றை ஆடுகள் தின்னும், விதை சாணத்தோடு அடுத்த காட்டில் விழுந்து முளைக்கும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கையை மாநில அரசு வெளியிட்டது. வெட்டிய இடத்தில் வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும் மரம் அது. இன்னொரு பக்கம் காற்றாலைகளும் சூரிய மின்பூங்காக்களும் மானாவாரிக் காடுகளை வேலிக்குள் கொண்டுவருகின்றன. வேலி விழுந்த நிலத்தில் கிடை போட முடியாது.

அதே களி, உப்பளத்தில் நண்பன்

பயிருக்குப் பகையாகும் இந்தக் குணமே கடற்கரையில் வரமாகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளையும் தூத்துக்குடியில், பாத்தியின் தரை தண்ணீரை விழுங்காமல் இருக்க வேண்டும். அதனால்தான் பருவம் தொடங்கும் முன் களித்தரையை மிதித்து இறுக்குகிறார்கள். காட்டில் ஆட்டுக் குளம்பு தவறுதலாகச் செய்வதை, உப்பளத்தில் தொழிலாளியின் கால் வேண்டுமென்றே செய்கிறது.

வீடு கட்டுபவர்களுக்கும் இந்த மண் தெரியும். சாதாரண ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால் மண் உப்பிச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் சுவரில் விரிசல் விழும். இதற்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் போல் அகலும் தூண் அஸ்திவார முறையை உருவாக்கியது. வெடிப்பு எட்டாத ஆழத்தில் வீட்டை நிறுத்துவதுதான் அதன் ரகசியம்.

என்ன செய்யலாம்?

மண்ணின் ரகத்தை மாற்ற முடியாது. ஆனால் அதன் குணத்துக்கு ஏற்ப வேலை செய்ய வழிகள் உண்டு.

ஆழச்சால் அகலப் பாத்தி: பயிர் மேட்டில், தண்ணீர் சாலில். மழை குறைந்தால் சால் ஈரத்தைச் சேர்க்கும், அதிகமானால் வடிகாலாகும். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறையின் அடிப்படை இதுதான்.

பண்ணைக்குட்டை: செவலில் குட்டை வெட்டினால் தார்ப்பாய் விரிக்க வேண்டும். ஆழக் கரிசலில் களியே தண்ணீரைத் தேக்கும். வயலிலிருந்து வடிக்கும் தண்ணீரைக் குட்டையில் பிடித்து, இருபது நாள் மழை இல்லாதபோது ஒரே ஒரு உயிர்த்தண்ணீர் விட்டாலும் மறுவிதைப்பைத் தவிர்க்கலாம்.

வண்டல் மண்: விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் நடைமுறை 2024-ல் வந்தது. செவல், மணல் நிலத்துக்கு இது அருமருந்து. ஆனால் கரிசல் பகுதிக் கண்மாயில் படிவதும் பெரும்பாலும் களிதான். ஏற்கெனவே களி மிகுந்த காட்டில் அதை மேலும் கொட்டுவதற்கு முன் மண் பரிசோதனை அவசியம். கனத்த களிக்குச் செம்மண்ணும் தொழுவுரமும்தான் பரிந்துரை.

ஈரத்தில் இறங்காமல் இருப்பது: பதம் வரும் முன் டிராக்டரையோ மந்தையையோ இறக்கினால் ஒரு நாள் மிச்சமாகும், ஒரு பருவத்துக்கு மண் இறுகிவிடும்.

இவை எல்லாம் விவசாயி செய்யக்கூடியவை. மீதி அரசின் கையில். நிவாரண விதிமுறையில் பாசனம், மானாவாரி, பல்லாண்டுப் பயிர் என்ற பிரிவுகள்தான் இருக்கின்றன. மண்ணின் வகைக்கு அங்கே இடம் இல்லை. மண்வள அட்டை, நில அளவை எண் வாரியான விவரங்கள் எல்லாம் இருக்கும் காலத்தில், ஆழக் கரிசல் பள்ளத்தையும் செவல் மேட்டையும் ஒரே சராசரியில் அடைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் மிச்சமில்லை. பயிர் அறுவடைச் சோதனைக்கான இடங்களைத் தேர்வு செய்யும்போது மண் வகையையும் கணக்கில் எடுத்தாலே, "பக்கத்து பிர்காவுக்கு வந்துச்சு, எங்களுக்கு வரலை" என்ற புகாரில் கணிசமான பகுதி குறையும்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் கரிசல் விவசாயி காய்ந்த புழுதிக்குள் விதையைப் புதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். மழை அவர் கையில் இல்லை. ஆனால் அந்த விதை அழுகினாலோ கருகினாலோ என்ன கிடைக்கும் என்ற கணக்கை மாற்றுவது அரசால் முடியும்.